தென்னந்தோப்பில் லவங்கப்பட்டைச் சாகுபடி

கோயம்புத்தூர் ஜில்லாவின் எந்த மளிகைக் கடையிலும் "பட்டை" என்று கேட்டால், தடித்துச் சிவந்து, கையால் ஒடிக்க முடியாத மரப்பட்டைத் துண்டுகளே பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. குழம்பிற்கும் பிரியாணிக்கும் அதையே யாவரும் லவங்கப்பட்டை என்று நம்பி உபயோகித்து வருகின்றனர். உண்மையில் அது சீனா, வியட்நாம், இந்தோனேஷியா ஆகிய தேசங்களிலிருந்து வந்திறங்கும் கேஸியா என்னும் வேறு மரத்தின் பட்டையாகும். மெய்யான லவங்கப்பட்டை, சுருள்பட்டை என்றும், இலங்கைத் தமிழர்களால் கறுவா என்றும் வழங்கப்படுவது. அதைத் தரும் மரம் இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் இயற்கையாகவே வளர்வது. நம் மலைக்குச் சொந்தமான பொருள் நம் கடைகளில் அரிதாகி, அந்நியப் பொருள் அதன் பெயரில் விற்பனையாவது ஆச்சரியத்திற்குரிய விஷயமேயாம்.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தாலூகாக்களில் தென்னையை மட்டுமே நம்பியிருக்கும் குடியானவர்கள் சில ஆண்டுகளாகப் பெருங்கவலையில் ஆழ்ந்திருக்கின்றனர். 2016-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ ஒருபுறமும், கேரள வாடல் நோய் என்று வழங்கும் வேர்வாடல் நோய் மற்றொருபுறமும் தோப்புகளை வாட்டி வருகின்றன. ஒரே பயிரை நம்புவோனுக்கு அப்பயிர் கைவிட்டபொழுது வேறு கதியில்லை. ஆகவே, கொக்கோவும் ஜாதிக்காயும் பலருடைய தோப்புகளில் ஊடுபயிராக இடம் பெற்றுவிட்டன. அவற்றின் வரிசையில் லவங்கப்பட்டையும் சேரத் தகுந்ததா, யாருக்கு அது ஏற்றது, யாருக்கு ஏற்றதன்று என்பதை ஆராய்ந்து கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியின் இயல்பு

லவங்கப்பட்டை என்றும் பசுமை மாறாத தாவரம். வெண்ணெய்ப்பழம், கற்பூரமரம், பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தானாக வளரவிட்டால் இது நடுத்தர மரமாகும். ஆனால் சாகுபடியில் இதை மரமாக வளரவிடுவதில்லை. அடிக்கடி வெட்டி, ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட புதராகவே வைத்திருப்பர். தளிர் செந்நிறமாகத் தோன்றிப் பின்னர் பசுமையாக மாறும். இலையைக் கசக்கினால் கிராம்பின் வாசனையும், பட்டையை நுகர்ந்தால் லவங்கத்தின் இனிய வாசனையும், வேர்ப்பட்டையில் கற்பூர வாசனையும் வீசும். ஒரே செடியில் மூவகைத் தைலங்கள் இருப்பது இதன் விசேஷம்.

பூர்வ வரலாறு

பல நூற்றாண்டுகளாக இலங்கையில் இப்பட்டை காடுகளிலிருந்தே உரித்தெடுக்கப்பட்டது. இதன் பொருட்டே போர்த்துக்கீசியரும், 1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக்காரரும் அத்தீவின்மேல் கண் வைத்தனர். சலாகம என்னும் வகுப்பார் குறித்த அளவு பட்டையை உரித்துச் சர்க்காருக்குக் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். காட்டில் பட்டை அருகவே, 1765 முதல் 1785 வரை டச்சுக் கவர்னராயிருந்த ஃபால்க் என்பவர் காலத்தில் கொழும்பு மருதானையில் முதன்முதலாக இது தோட்டப் பயிராக்கப்பட்டது. 1796-இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மலபாரில் கண்ணனூருக்கு அருகே அஞ்சரக்கண்டியில் ஒரு பெரிய லவங்கப்பட்டைத் தோட்டத்தை அமைத்தனர்.

நம் பக்கத்திலும் இச்செடி புதிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில், 1871-இல் சர்க்கார் வசமான பர்லியாறு தோட்டத்தில் கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான் ஆகியவற்றுடன் இதுவும் வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது. மலையடிவாரத்தில் இச்செடி வளருமா என்ற சந்தேகத்திற்கு அத்தோட்டமே விடை கூறும்.

சீதோஷ்ணமும் நிலமும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம் வரையில் இது செழித்து வளரும். ஆண்டு மழை 150 முதல் 250 சென்டிமீட்டரும், காற்றில் ஈரமும், சராசரி 27 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் இதற்கு உகந்தவை. இலைமக்கு நிறைந்த மணல் கலந்த வண்டல் மண்ணும், வடிகாலுள்ள செம்மண்ணும், செம்புறை மண்ணும் ஏற்றவை. நீர் தேங்கும் நிலத்தில் விளையும் பட்டை தரங்குறைந்து கசக்கும்.

இவ்விலக்கணத்தைக் கொண்டு பார்த்தால் கொங்கு நாட்டின் பெரும்பகுதி இப்பயிருக்கு உதவாது என்பது தெளிவு. கோயம்புத்தூர் நகரைச் சுற்றிய சமவெளியில் ஆண்டு மழை சராசரியாக 70 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கரிசல் நிலங்களிலும் சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலங்களிலும் கிணற்று நீரை மட்டும் நம்பி இதைப் பயிரிடுவது வீண் செலவு. ஆனைமலை, கோட்டூர், ஆழியாறு முதலிய அடிவாரக் கிராமங்களில், வடிகாலுள்ள நிலத்தில், வாய்க்கால் நீரோ வற்றாத கிணறோ உள்ள தென்னந்தோப்புகளே தகுந்தவை. தென்னையின் நிழலும் தோப்பின் ஈரக்காற்றும் மழைக் குறைவை ஒருவாறு ஈடுசெய்யும், முற்றிலும் ஈடுசெய்யா. தை முதல் வைகாசி வரை நீர் பாய்ச்ச வழியில்லாதவர்கள் இதில் இறங்கலாகாது. ஏற்காடு, கொல்லிமலைச் சரிவுகளில் காப்பித் தோட்டத்துடன் இதைச் சேர்க்க விரும்புவோருக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு மழையே பெருந்துணை.

ரகங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஏற்காடு ஆராய்ச்சி நிலையத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட ஒய்.சி.டி. 1 என்பது 500 முதல் 1,000 மீட்டர் உயரமுள்ள மலைகளுக்கு ஏற்றது. கன்னியாகுமரி ஜில்லா பேச்சிப்பாறையில் தெரிந்தெடுக்கப்பட்ட பி.பி.ஐ. (சி) 1 என்பது 100 முதல் 500 மீட்டர் வரை உயரமுள்ள, மழை மிகுந்த இடங்களுக்கு ஏற்றது. ஆனைமலை அடிவாரத்தாருக்கு உயரத்தைக் கொண்டு பார்த்தால் பின்னதே பொருந்தும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் நித்யஸ்ரீ, நவஸ்ரீ என்னும் ரகங்களை அளித்திருக்கின்றனர்.

நாற்று உற்பத்தி

விதை, தண்டுக்குச்சி, பதியன் ஆகிய மூன்று வழிகளிலும் நாற்று எடுக்கலாம்.

ஆனி முதல் ஆவணி வரையில் பழங்கள் கறுத்துக் கனியும். பறவைகள் இவற்றை விரும்பித் தின்னுமாதலால் முந்திக்கொண்டு பறிக்கவேண்டும். சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, தாமதமின்றி விதைத்துவிட வேண்டும். இவ்விதையின் முளைக்கும் சக்தி விரைவில் போய்விடும். சந்தையில் பல வாரம் கிடந்த விதையை வாங்கி ஏமாறலாகாது. மணல், மண், மக்கிய தொழு எரு ஆகியவற்றை 3:3:1 என்ற விகிதத்தில் கலந்து பைகளில் நிரப்பி விதைத்தால் 15 முதல் 20 நாட்களில் முளை காணும். ஆறு மாதம் வரை பந்தல் நிழலும் நித்திய நீரும் அவசியம். ஓராண்டு நிறைந்த நாற்று நடவுக்குத் தயாராகும்.

விதை நாற்றுகள் எல்லாம் தாய்ச் செடியைப் போலவே இரா. உயர்ந்த பட்டையுள்ள செடியின் குணம் மாறாமல் வேண்டுமானால் குச்சியோ பதியனோதான் வழி. பாதி முற்றிய கிளையில் சுமார் 10 சென்டிமீட்டர் நீளமும் இரண்டு இலையும் உள்ள குச்சியை வெட்டி, வேர் ஊக்கியில் தோய்த்து, மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த பாத்தியில் ஊன்றி நிழலில் ஈரம் காத்தால் 45 முதல் 60 நாட்களில் வேர்விடும். தென்னைநார்க் கழிவு பொள்ளாச்சியில் எங்கும் கிடைக்கும் பொருளாகையால் இம்முறை இப்பக்கத்தாருக்கு எளிது.

தோப்பில் நடுதல்

எல்லாத் தோப்பும் ஊடுபயிருக்கு ஏற்றதன்று. நட்ட எட்டாம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய 25-ஆம் ஆண்டு வரையில் தென்னையின் மட்டைகள் தாழ்ந்து அடர்ந்திருப்பதால் கீழே வெளிச்சம் மிகக் குறைவு. அதற்குமேல் மரம் உயர்ந்தபின் சாய்வான வெயில் தரையில் படும். ஆகவே 25 ஆண்டு கடந்த தோப்பே இப்பயிருக்குத் தகுதியானது. அடர்ந்த நிழலில் செடி உயிரோடிருக்கும். ஆனால் குச்சி மெலிந்து பட்டை தேறாது.

25 அடி, அதாவது ஏழரை மீட்டர், இடைவெளியில் நட்ட தோப்பில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 2 மீட்டர் தூரம் விட்டுவிட்டால், இரு வரிசைகளுக்கிடையே சுமார் மூன்றரை மீட்டர் அகலமுள்ள பட்டி மிஞ்சும். அதில் 2 மீட்டர் இடைவெளியில் இரு வரிசை லவங்கச் செடி நடலாம். இக்கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 500 செடிகள் பிடிக்கும். தனிப்பயிராக 2 மீட்டர் சதுரத்தில் நடும்பொழுது பிடிக்கும் 1,000 செடிகளில் இது பாதி. ஒவ்வொரு நான்கு வரிசைக்கும் ஒரு சந்தை வெறுமையாக விட்டுவைத்தல் நலம். தேங்காய் வெட்டவும் விழுந்த மட்டையை இழுக்கவும் வழியின்றேல் செடிகள்தாம் மிதிபடும். அவ்விதம் விட்டால் செடித்தொகை அதற்குத் தக்கபடி குறையும்.

அரை மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளைச் சித்திரையில் வெட்டி, ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு மூடி, ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கியதும் நடவேண்டும். நட்டபின் அப்பட்டியில் டிராக்டர் உழவு கூடாது. வேர் மேலாக ஓடுவதால் களைக்கொத்து கொண்டே களையெடுத்தல் வேண்டும். உழவை நிறுத்த மனமில்லாதோர் இப்பயிரை மேற்கொள்ளாதிருப்பதே உத்தமம்.

எருவும் நீரும்

முதலாண்டில் செடியொன்றுக்குத் தழைச்சத்து 20 கிராம், மணிச்சத்து 18 கிராம், சாம்பல்சத்து 25 கிராம் இடவேண்டும். உரமாகச் சொல்லின், யூரியா சுமார் 45 கிராம், சூப்பர் பாஸ்பேட் 110 கிராம், பொட்டாஷ் 40 கிராம் ஆகும். ஆண்டுதோறும் படிப்படியாக உயர்த்தி, பத்தாம் ஆண்டு முதல் முறையே 200, 180, 200 கிராம் சத்து கிடைக்குமாறு செய்யவேண்டும். இதை வைகாசி-ஆனியில் ஒரு பாதியும், புரட்டாசியில் ஒரு பாதியுமாகப் பிரித்து இடுதல் முறை. வளர்ந்த செடிக்கு மழைக்கு முன் 20 முதல் 25 கிலோ வரை தொழு எருவும், கோடையில் தழை மூடாக்கும் இடவேண்டும். தென்னைக்கு இடும் எருவே இதற்கும் போதும் என்று எண்ணினால் இரண்டு பயிரும் இளைக்கும்.

வெட்டிப் புதராக்குதல்

இப்பயிரின் பலன் முழுவதும் இவ்வேலையைப் பொறுத்தது. இரண்டு, மூன்று வயதுச் செடியை மழைக்காலத்தில் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் அறுத்து, அடிக்கட்டையைச் சுற்றி மண் அணைக்கவேண்டும். ஆசையாய் வளர்த்த செடியை அறுக்கக் குடியானவன் கை கூசும். கூசினால் மரம்தான் மிஞ்சும், பட்டை மிஞ்சாது. அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் நேராகக் கிளம்பும். அவற்றுள் நேரானவையும் வலுவானவையுமான நான்கைந்தை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். கோணலும் கணுவும் உள்ள குச்சியில் பட்டை முழுதாக உரியாது.

அறுவடையும் பட்டை உரித்தலும்

நான்காம் ஆண்டு முதல் அறுவடை தொடங்கலாம். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வயதும், விரல் பருமனும், அதாவது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனமும், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உள்ள குச்சிகளே ஏற்றவை. செந்தளிர் பசுமையாக மாறிச் சாறு ஓடும் சமயமே பருவம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கங்களில் இது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. கத்தியால் ஒரு குச்சியில் கீறிப் பார்த்து, பட்டை மரத்தினின்றும் எளிதாக விலகினால் மட்டுமே வெட்டவேண்டும். விலகாவிடில் சில நாள் பொறுத்தல் வேண்டும்.

வெட்டிய குச்சியை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். முதலில் சொரசொரப்பான மேல்தோலைச் சுரண்டு கத்தியால் நீக்கவேண்டும். பின்னர் பித்தளைத் தடியால் குச்சி முழுவதும் அழுத்தித் தேய்த்தால் உட்பட்டை தளரும். இருபுறமும் நீளவாக்கில் கீறி, வளைந்த சிறு கத்தியை உட்செலுத்திப் பட்டையைக் கிழியாமல் கழற்றவேண்டும். கழற்றிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி ஓரிரவு வைத்திருந்து, சிறிய துண்டுகளைப் பெரியவற்றினுள் செருகிக் குழலாக்கி, முதலில் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் நான்கைந்து நாள் உலர்த்தவேண்டும். எடுத்த எடுப்பில் கடும் வெயிலில் போட்டால் பட்டை முறுக்கிக்கொள்ளும். நம் ஜில்லாவில் அறுவடைப் பருவமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வருமாகையால், சாளையை ஒட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டகை இல்லாதவர்கள் ஒரே இரவில் பூசணத்திற்கு மகசூலைப் பறிகொடுக்க நேரும்.

குழல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயர்ந்தது. இலங்கை வியாபாரத்தில் முதல் தரமாகிய ஆல்பா என்னும் குழலின் குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. அதற்குக் கீழே கான்டினென்டல், மெக்ஸிகன், ஹாம்பர்க் என்னும் தரங்கள் உண்டு. உடைந்த துண்டும் சீவலும் வீணாகா. பொடிக்கும் தைலத்துக்கும் உதவும். கழித்த இலையைக் காய்ச்சி வடித்தால் யூஜினால் மிகுந்த தைலம் கிடைக்கும்.

நோயும் பூச்சியும்

இலைப்புள்ளியும் நுனிக்கருகலும் மழைக்காலத்தில் தோன்றும். பாதித்த கிளையை வெட்டி எரித்து, 1 சதவிகித போர்டோக் கலவை தெளித்தால் அடங்கும். நாற்றங்காலிலும் இதுவே மருந்து. லவங்க வண்ணத்துப்பூச்சியின் புழு இளந்தளிரைத் தின்னும். இலை துளைப்பான் இலைக்குள் புகுந்து கொப்புளமாக்கும். சிறு தோட்டத்தில் புழுவைக் கையால் பொறுக்கி அழிப்பதே மலிவான வழி. தென்னையில் வெள்ளை ஈ இருந்தால் அதன் தேன்போன்ற கழிவு கீழுள்ள செடிகளில் சொட்டிக் கரும்பூசணம் படரும். ஆகையால் மேலே உள்ள நோயைக் கவனியாமல் கீழே பயிர் வைப்பது பயன்தராது.

வரவு எவ்வளவு?

தனிப்பயிராகச் செய்யும்பொழுது ஹெக்டேருக்கு முதல் அறுவடைகளில் 62 முதல் 125 கிலோவும், பத்தாம் ஆண்டுக்குமேல் 225 முதல் 300 கிலோவும் உலர்ந்த குழல் கிடைக்கும். ஏக்கர்க் கணக்கில் முதிர்ந்த தோட்டத்தில் இது 90 முதல் 120 கிலோ. தோப்பில் செடித்தொகை பாதியாகையால் 45 முதல் 60 கிலோவுக்கு மேல் கணக்கிடுவது விவேகமன்று. நிழலுக்காக இன்னும் சிறிது தள்ளிக்கொள்வதே பத்திரம். முதல் அறுவடைகளில் 12 முதல் 25 கிலோவே வரும். ஆகையால் இது தென்னையின் ஸ்தானத்தில் வைக்கத்தக்க பயிரன்று. தென்னைக்குத் துணையாக நிற்கும் பயிர்.

செலவுகளில் முக்கியமானது உரிக்கும் கூலி. கைதேர்ந்தவன் உரித்தால் முழுக்குழல். கைதேராதவன் உரித்தால் அதே குச்சியில் உடைசல். இரண்டிற்கும் விலை வித்தியாசம் அதிகம். நம் பக்கத்தில் இவ்வித்தையறிந்தவர் மிகச் சிலர். அதலின் இதைத் தொடங்க விரும்புவோர் முதலாண்டில் ஏக்கர்க் கணக்கில் நடாமல், 50 செடிகளை மட்டும் நட்டு, வீட்டாரும் ஆட்களும் உரிக்கப் பழகி, அதன்பின் பெருக்குதல் நலம். நான்கு ஆண்டு கழித்து உரிக்க ஆளின்றித் திகைப்பதைவிட இது மேல்.

போலிப் பட்டையை அறிதல்

கேஸியாப் பட்டை தடித்து, ஒரே அடுக்காக, இரு ஓரங்களும் உட்சுருண்டு, கடினமாக இருக்கும். மெய்யான லவங்கப்பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் சேர்ந்து சுருட்டைப்போல் இருக்கும். விரலால் நசுக்கினால் நொறுங்கும். நிறம் வெளிறிய பழுப்பு. பொடியாக இருந்தால், அதைக் கொதிநீரில் இட்டு ஆறவைத்து வடித்து, அயோடின் திராவகம் ஓரிரு சொட்டு விடவேண்டும். கேஸியாவானால் மாவுப்பொருள் மிகுதியினால் கருநீலம் பாய்ந்து தோன்றும். மெய்யான பட்டையில் அம்மாறுதல் சொற்பமே.

இவ்வேறுபாடு ருசியைப் பற்றியது மாத்திரமன்று. கேஸியாவில் கூமரின் என்னும் பொருள் அதிகம். நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் சிலருக்கு அது கல்லீரலைக் கெடுக்கும். மெய்யான லவங்கப்பட்டையில் அது மிகச் சிறிதளவே உண்டு. நம் தேசத்து உணவுச் சட்டவிதிகளும் இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே வகுத்திருக்கின்றன. எனினும் கடையில் இரண்டும் ஒரே பெயரில் விற்கும்வரை, நல்ல பட்டையை விளைவித்த குடியானவனுக்கும் கேஸியா விலையே கிடைக்கும். ஆகவே விளைபொருளை உள்ளூர்க் கடையில் பொதுப்பட்டையாகக் கொட்டிவிடாமல், முழுக்குழலாகத் தரம்பிரித்து, கட்டி, இன்னதென்று பெயரிட்டு, வேற்றுமை அறிந்து வாங்கும் வியாபாரிகளுக்கே விற்கவேண்டும். சிலர் சேர்ந்து ஒரே தரமாகக் குவித்து விற்றால் விலை பேசும் பலமும் உண்டாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

தோப்பில் ஊடுபயிர் வைத்தவர்களின் பயிரைத் தென்னை என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், லவங்கப்பட்டையையும் அடங்கலில் சேர்த்துப் பதிவு செய்தல் அவசியம். பதிவில்லாத பயிருக்கு நஷ்டம் நேர்ந்தால் நிவாரணம் கோர ஆதாரமிராது. மேலும், ஆனைமலைக் காடுகளில் இதன் காட்டு இனங்கள் வளர்கின்றன. அவற்றின் பட்டையையும் இலையையும் அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பதுடன், பட்டை முழுதும் உரிக்கப்பட்ட காட்டுமரம் பட்டுப்போகும் என்பதையும் ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். ஊரில் நாற்று விற்க வருவோரிடம் ரகத்தின் பெயரையும் உற்பத்தி செய்த இடத்தையும் விசாரித்தல் நன்று. கேஸியா நாற்றைக் கொடுத்துவிட்டால் மோசம் தெரிய நான்கு ஆண்டுகள் ஆகும்.

சுருங்கச் சொல்லின், அடிவாரத்தில் முதிர்ந்த தோப்பும், கோடையில் நீரும், வடிகாலுள்ள நிலமும், பொறுமையும் உடையவர்களுக்கு லவங்கப்பட்டை நல்ல துணைப்பயிர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவசரப்பட வேண்டுவதில்லை. நடக் கருதுவோர் ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரையோ, தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ கலந்து, மண்ணைப் பரிசோதித்து, வரும் ஆனியில் ஐம்பது குழிகளுடன் ஆரம்பிப்பார்களாக.